அந்த இரண்டாவது லிட்டரை அதிகாலையில்தான் குடிக்க வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நாலைந்து மாதமாக மலச்சிக்கல், கூடவே ரத்தசோகை. வியாழக்கிழமை காலை 11 மணிக்கு வேலூரில் கொலோனாஸ்கோபி, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. ஒரு பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஒரு லிட்டரை முந்தின நாள் சாயங்காலமும் மீதியை அன்று அதிகாலை 5 மணிக்கும் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவோ, "எல்லாத்தையும் ராத்திரியே குடிச்சிட்டுத் தூங்குறேன், இல்லன்னா விளக்கெண்ணெய் போதும், எங்க காலத்துல அதான்" என்கிறார். ஊர் செய்யாறு பக்கம், காலையில் பஸ் பிடித்து வருவதாக ஏற்பாடு.

பதினெட்டு வருடமாக எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருக்கிறேன். ஒரே வரியில் கேட்டால், அதிகாலை லிட்டரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், பஸ் திட்டத்தை மாற்றுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. ஏன் என்று சொல்கிறேன்.

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். ஆசனவாயிலிருந்து ஸ்கோப் என்கிற அந்தக் குழாய் நுழைந்து, இடது பக்கமாக மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், வலது பக்கம் கீழே இறங்கி, அப்பெண்டிக்ஸ் இருக்கிற மூலையில் முடிகிறது. சிறுகுடல் வந்து சேருகிற இடமும் அந்த வலது மூலைதான். ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு மருந்தைக் குடித்து முடித்து, பத்து மணிக்குள் நாலைந்து முறை போய், குடல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் தூங்குகிறார், குடல் தூங்குவதில்லை. பித்தநீரும் சிறுகுடலின் சளியும் ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக அந்த வலது மூலையில் வந்து விழுகின்றன. காலை 11 மணிக்கு ஸ்கோப் அங்கே போகும்போது சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகக் களிம்பு அப்பியிருக்கும், அடுப்பில் வைத்து மறந்துபோன பாசிப்பருப்பு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதைப் போல.

அதனால் என்ன, தண்ணீர் அடித்துக் கழுவிவிட மாட்டார்களா? கழுவுவார்கள். ஸ்கோப்பிலேயே தண்ணீர் பீய்ச்சவும் உறிஞ்சவும் வசதி உண்டு. ஆனால் வலது பக்கத்தில் வரும் சில கட்டிகள் காளான் மாதிரி காம்போடு நிற்காது. சுவரோடு சுவராகத் தட்டையாகப் படர்ந்திருக்கும். சிலவற்றின் மேல் அவற்றுக்கே உரிய சளிப் படலம் ஒன்று மூடியிருக்கும். களிம்புக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது பெரிய பாடு. குடல் போதுமான அளவு சுத்தமாக இருக்கிறது என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு, 5 மில்லிமீட்டரை விடப் பெரிய கட்டி கண்ணில் படாமல் போகக்கூடாது என்பது. பெரிய கொத்தமல்லி விதை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்த அளவுதான். அதைத் தேடுகிற சுவரில் களிம்பு இருந்தால் தேடுவதற்கே அர்த்தமில்லை.

ஆகவேதான் மருந்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறார்கள். இரண்டாவது பாதியைப் பரிசோதனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றுகிற முறை. அந்த இரண்டு மணி நேர இடைவெளி மயக்க மருந்துக்காக. வயிற்றில் தண்ணீர் இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து உண்டு. 11 மணிப் பரிசோதனைக்கு 5 மணிக்குத் தொடங்கச் சொன்னது சரியான கணக்கு. 5 மணிக்கு ஆரம்பித்தால் ஆறரைக்குள் முடியும். கடைசி மோஷன் எட்டு, எட்டரை வாக்கில் நின்றுவிடும். ஒன்பது மணிக்கு மேல் ஒரு வாய்த் தண்ணீர்கூட வேண்டாம். உங்கள் தாளில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எனக்கே 46 வயதில் இந்தப் பரிசோதனை தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு இதே பாடத்தை ஒப்பித்தவள் நான். அன்று அதிகாலை ஒரு லிட்டரில் பாதி குடித்ததும் மோஷன் வெறும் மஞ்சள் தண்ணீராகப் போனது. "நமக்குத் தெரியாததா, போதும்" என்று மீதியை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். மயக்கம் தெளிந்ததும் கூட வேலை பார்க்கிற சிஸ்டர் படத்தைக் காட்டினாள். இடது பக்கம் பளிச்சென்று ரோஜா நிறத்தில் இருக்கிறது. வலது மூலையில் மட்டும் கடுகு அரைத்துப் பூசிய மாதிரி. கழுவிக் கழுவிப் பார்த்ததில் இருபது நிமிடம் கூடுதலாகப் போனதாம். "இனிமே பேஷண்ட்டைத் திட்டுவியா?" என்றாள். அந்தப் படத்தை இன்னும் ஃபோனில் வைத்திருக்கிறேன், சொன்னால் கேட்காதவர்களுக்குக் காட்டுவதற்காக.

அடுத்து விளக்கெண்ணெய். அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை வீட்டிலுள்ள பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றி, அன்று முழுக்க ரசம் சாதம் போட்ட தலைமுறை அவருடையது. பேதி மருந்து நமக்குப் புதிதல்ல. இன்னொன்றும் சொல்லலாம். குடலைச் சுத்தம் செய்ய உலகம் முழுக்கப் பயன்படுத்திய சென்னா என்ற மூலிகை வேறு எதுவுமல்ல, நம்முடைய நிலாவாரை. தென்மாவட்டங்களில் விளைந்து தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியதால் வெளிநாட்டு மருந்து நூல்களில் அதற்கு ‘திருநெல்வேலி சென்னா’ என்றே பெயர். அதன் சத்திலிருந்து செய்த மாத்திரைகளை இன்றும் சில மருத்துவமனைகள் துணை மருந்தாகக் கொடுக்கின்றன.

ஆனால் விளக்கெண்ணெயும் நிலாவாரையும் செய்கிற வேலை வேறு, இந்தப் பவுடர் செய்கிற வேலை வேறு. அவை குடலைத் தூண்டிப் பிழிகின்றன. உள்ளே இருக்கும் மலம் வெளியே வந்துவிடும், ஆனால் சுவரில் ஒட்டியிருப்பது கழுவப்படாது. வெளியே போகிற தண்ணீரும் உப்பும் உங்கள் அப்பாவின் உடம்பிலிருந்து போகிறவை. 67 வயதில், சர்க்கரையோடு, பிரஷர் மாத்திரையோடு அது வேண்டாம். பவுடரோ தெருவை ஹோஸ் பைப் வைத்துக் கழுவுகிற மாதிரி. வாய் வழியாக உள்ளே போகிற தண்ணீரே பெரும்பாலும் அப்படியே அடியில் வெளியே வருகிறது.

அந்தப் பவுடரின் பெயர் பாலிஎதிலீன் கிளைகால். நம் பக்கத்தில் கடைக்காரரிடம் ‘பெக்லெக்’ என்றால் எடுத்துக் கொடுப்பார். 137 கிராம் சொச்சம் எடையுள்ள பாக்கெட், இரண்டு லிட்டர் தண்ணீருக்கு. அது ரத்தத்தில் சேராது, குடலில் உள்ள கிருமிகளுக்கும் தீனியாகாது. தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு நேராக இறங்கும். கூடவே சோடியம், பொட்டாசியம் உப்புகளை, உடம்பிலிருந்து உப்பு வெளியே போகாமலும் உடம்புக்குள் அதிகம் ஏறாமலும் இருக்கும்படி அளந்து சேர்த்திருப்பார்கள். குமட்டுகிற அந்த உப்புச் சுவைக்குக் காரணம் அதிலுள்ள சோடியம் சல்பேட். குடிப்பவர்கள் எங்களைத் திட்டுவதெல்லாம் இந்த ஓர் உப்புக்காகத்தான்.

இதைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் பயங்கரமானது. 1970களில் மூக்கில் குழாய் விட்டு ஏழெட்டு லிட்டருக்கு மேல் உப்புத் தண்ணீரை ஏற்றிக் குடலைக் கழுவிப் பார்த்தார்கள். உடம்பில் உப்பும் நீரும் ஏறி, இதயம் பலவீனமானவர்கள் திணறினார்கள். மானிட்டால் என்ற சர்க்கரை வகையைக் கொடுத்தும் பார்த்தார்கள். குடிக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் குடல் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. 1979இல் பிரான்ஸ் மருத்துவர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். கட்டியை மின்சாரத்தால் சுட்டு எடுக்கும்போது குடலுக்குள்ளேயே வெடித்து நோயாளி இறந்துபோனார். அதற்கு அடுத்த வருடம், 1980இல், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஜான் ஃபோர்ட்ரான் குழுவினர் இந்தப் பாலிஎதிலீன் கிளைகால் கரைசலின் கணக்கை வெளியிட்டார்கள். இன்று உங்கள் அப்பா குடிக்கப்போவது ஏறக்குறைய அதே கணக்குதான். அங்கே நாலு லிட்டர் குடித்தார்கள், உங்கள் அப்பாவுக்கு இரண்டு. அவர் முணுமுணுத்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சர்க்கரையைப் போட்டுக் கரைத்தால் நன்றாக இருக்குமே என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம். அளந்து வைத்த கணக்கு குலைந்துவிடும், சர்க்கரைக்காரருக்கு அது தனித் தலைவலி. டாக்டர் அனுமதித்தால் நாலு சொட்டு எலுமிச்சம் சாறு விடலாம். உண்மையில் உதவுவது குளிர்ச்சிதான். மதியமே கரைத்து இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களாக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது கால் லிட்டர். நாக்கின் பின்பக்கம் படுகிற மாதிரி ஸ்ட்ரா வைத்து, மூச்சை அடக்கி மடமடவென்று இறக்கிவிட வேண்டும். காப்பி மாதிரி உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் இரண்டாவது டம்ளரிலேயே தோற்றுவிடுவார். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, கொஞ்சம் நடக்கவிட்டு, மறுபடி மெதுவாகத் தொடங்கலாம். வாந்தி எடுத்து விட்டுவிடுகிற ஆள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். நுரையைக் குறைக்க சிமெத்திகோன் என்ற மருந்தும் சில இடங்களில் சேர்த்துக் கொடுப்பார்கள். கொடுத்தால் அலட்சியப்படுத்த வேண்டாம். சோப்பு நுரை மாதிரி குமிழிகள் கேமராவை மறைத்துவிடும்.

உங்கள் கேள்வியில் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது அந்த மலச்சிக்கல். அதை டாக்டரிடம் சொன்னீர்களா? நாலைந்து மாதமாக இறுகிக் கிடக்கும் குடலுக்கு வழக்கமான இரண்டு லிட்டர் போதாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ராத்திரியில் மலமிளக்கி மாத்திரை கொடுப்பதும், மருந்தின் அளவைக் கூட்டுவதும் உண்டு. நாளைக்கே ஃபோன் போட்டுக் கேளுங்கள். அதே மூச்சில் இன்னொன்று. வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாயு கூடப் பிரியாத நிலை அவருக்கு இப்போது இருந்தால், அல்லது மருந்து குடித்தபின் அப்படி ஆனால், குடிப்பதை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குடலில் அடைப்பு இருந்தால் இந்த மருந்து ஆகாது.

ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே நிறுத்தலாமா என்று கேளுங்கள். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்த இரும்பு மலத்தைத் தார் மாதிரி கறுப்பாக்கிச் சுவரில் ஒட்டவைக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. இதைச் சொல்ல மறந்துவிடுகிற மருத்துவமனைகள் நிறைய. பரிசோதனைச் சீட்டு எழுதுகிறவர் ஒருவர், இரும்பு மாத்திரை எழுதியவர் வேறொருவர். நடுவில் நோயாளி மாட்டிக்கொள்கிறார்.

சர்க்கரை மாத்திரை இன்னும் முக்கியம். அட்டைகளை எடுத்துப் பெயரைப் படியுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று எதிலாவது எழுதியிருக்கிறதா? சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் இந்த வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும். பட்டினியும் நீர்ச்சத்துக் குறைவும் சேரும்போது ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து இதில் உண்டு. அதிலும் சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது அது நடக்கும் என்பதுதான் ஏமாற்று. கிளிமிபிரைட் போன்றவற்றைச் சாப்பாடு இல்லாத வேளையில் வழக்கம்போல் போட்டால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். எந்த வேளையை விடுவது, இன்சுலின் என்றால் எவ்வளவு குறைப்பது என்பதை அவருடைய சர்க்கரை டாக்டர் தான் சொல்ல வேண்டும். வீட்டில் மீட்டர் இருந்தால் புதன் மதியத்திலிருந்து மூன்று நாலு மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். வேர்த்து, கை நடுங்கி, அளவு 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கத் தயங்காதீர்கள். பரிசோதனையைத் தள்ளிப்போடலாம், அதைத் தள்ளிப்போட முடியாது.

பிரஷர் மாத்திரையை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகக் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரைக்குத்தான் மாற்றுச் சொல்வார்கள். இதயத்துக்காக ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். கேட்டே முடிவு செய்ய வேண்டியது அது. ஸ்டென்ட் வைத்தவர் அக்கம்பக்கத்தில் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குத்தான் வியர்த்தது. சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பாஸ்பேட் உப்பு வகை மருந்து சிலருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்ததால் 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது. உங்கள் அப்பாவுக்குக் கொடுத்திருப்பது அது இல்லை. ஆனால் "அளவு கம்மி, குடிக்க ஈசி" என்று யாராவது வேறு பாட்டிலை நீட்டினால் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். மூன்று நாள் பட்டினி போடுகிற பழக்கம் போய்விட்டது. மலச்சிக்கல் இல்லாதவருக்கு முந்தின நாள் ஒன்று மட்டும் சக்கையில்லாத உணவு போதும் என்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு நான் இரண்டு மூன்று நாள் சொல்வேன். நம் ஊரில் சக்கையில்லாத சாப்பாட்டுக்கு எங்கும் தேட வேண்டாம். இட்லி, வெள்ளைச் சாதம், மோர் சாதம், காய் போடாத ரவை உப்புமா, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன். இவ்வளவுதான். ஆரோக்கியம் என்று டாக்டர்கள் மற்ற நாளில் எதையெல்லாம் சாப்பிடச் சொல்கிறார்களோ அதெல்லாம் இந்த மூன்று நாள் எதிரி: கீரை, முருங்கைக்காய், வாழைத்தண்டு, கேழ்வரகுக் களி, சுண்டல், கொய்யா. சட்னியில் தாளிக்கிற கடுகும் கறிவேப்பிலையும்கூட. ஸ்கோப்பின் உறிஞ்சு குழாய் நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாதது. தக்காளி விதை ஒரு கொத்து போய் அடைத்துக்கொண்டால் பாதியில் நிறுத்திவிட்டுக் குழாயைச் சரிசெய்ய வேண்டும். ஒருமுறை திரையில் முழுக் கறிவேப்பிலை ஒன்று, நரம்புகூடத் தெரிகிற மாதிரி, அப்படியே சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அறையில் எல்லோருக்கும் சிரிப்பு. "நேத்து ரவா உப்புமா" என்று டாக்டர் சொன்னார். விசாரித்தால் அதேதான்.

முந்தின நாள், அதாவது புதன்கிழமை, காலை இட்லி, மதியம் ஒரு மணிக்குள் கொஞ்சம் மோர் சாதம். அதற்குப் பிறகு திடமாக எதுவும் இல்லை, தெளிந்த நீர் மட்டும். டம்ளரின் மறுபக்கம் வைத்த எழுத்தைப் படிக்க முடிந்தால் அது தெளிந்த நீர். வடிகட்டிய தெளிவு ரசம், இளநீர், பால் இல்லாத டீ, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் சரி. மோர் தெளிந்த நீர் இல்லை, பால் காப்பியும் இல்லை. இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். "காப்பி தானே சிஸ்டர்!" சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு இளநீர் வேண்டாம், பொட்டாசியம் அதிகம். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம், உள்ளே பார்த்தால் ரத்தம் மாதிரித் தெரியும். வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டென்றால் அதையும் இரண்டு நாள் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். மருந்தைத் தவிர வெறும் தண்ணீராகவே நிறையக் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் சோடியம் இறங்கிவிடும், வயதானவர்களுக்குச் சீக்கிரம் இறங்கும். ஆகவே கொஞ்சம் ரசம், கொஞ்சம் உப்புக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் லிட்டர். முதல் டம்ளருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வேலை ஆரம்பிக்கும், சிலருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பயந்து எனிமா, சோப்பு என்று போகவேண்டாம். எனிமா கடைசிப் பகுதியைத்தான் கழுவும். முதலில் கட்டி, அப்புறம் கூழ், அப்புறம் கலங்கிய பழுப்புத் தண்ணீர். ராத்திரி பத்து மணிக்கு இதோடு நின்றுவிட்டால் அப்பா "சரி, சுத்தமாயிடுச்சு" என்பார். இல்லை. அதிகாலை லிட்டர் முடிந்தபிறகு வர வேண்டியது சிறுநீர் மாதிரி தெளிவான மஞ்சள், அடியில் பீங்கான் தெரிய வேண்டும். மஞ்சளைப் பார்த்து இன்னும் சுத்தமாகவில்லை என்று பயப்படாதீர்கள், அது பித்தம். போகிற தண்ணீரில் டீத்தூள் மாதிரி துகள் மிதந்தால், அல்லது கலங்கலாகவே இருந்தால், மருத்துவமனையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் குடிக்கச் சொல்வார்கள்.

ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தைவிட எனக்குப் பயம் கழிவறை வழிதான். எட்டு தடவை, பத்து தடவை என்று போகும்போது வயதானவர்களுக்குத் தலை சுற்றும், தரை ஈரமாக இருக்கும். விளக்கை அணைக்காதீர்கள். வழியில் கால்மிதி, வாளி எதுவும் வேண்டாம். குந்தி உட்காருகிற கழிவறை என்றால் பக்கத்தில் பிடித்துக்கொள்ள உறுதியான ஸ்டூல் ஒன்று. உள்ளே தாழ்ப்பாள் போடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். பேப்பரால் துடைக்காமல் தண்ணீரால் கழுவி, மெல்ல ஒற்றி, ஆரம்பத்திலிருந்தே தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் எரிச்சல் வராது. இதை யாரும் சீட்டில் எழுத மாட்டார்கள். மூன்றாவது தடவைக்கு அப்புறம் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

இப்போது பஸ். செய்யாறு பக்கத்திலிருந்து வேலூர் எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறரைக்கு மருந்து முடித்து ஏழு மணிக்குப் பஸ் ஏறினால், ஆரணிக்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பல பேர் இதற்குப் பயந்தே அதிகாலை லிட்டரைக் குடிக்காமல் வருகிறார்கள். வாயால் "குடிச்சேன்" என்பார்கள், படம் சொல்லிவிடும். நல்லவர்கள், பொய் சொல்கிறவர்கள் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு வேறு வழி இல்லை. ஆகவே புதன்கிழமை மதியமே புறப்பட்டு, மருத்துவமனைக்கு நடந்துபோகிற தூரத்தில், அறைக்குள்ளேயே கழிவறை உள்ள லாட்ஜாகப் பார்த்துத் தங்குங்கள். கரைசலை அங்கே கலந்துகொள்ளலாம், பக்கத்துக் கடையில் ஃபிரிட்ஜில் வைத்துத் தருவார்கள். அதற்கு வழியில்லை என்றால் பரிசோதனை நேரத்தை மதியம் இரண்டு மணிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்போது இரண்டாவது லிட்டர் எட்டு மணிக்கு. ஆனால் அப்போதும் வேலூரில்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் உள்ளே சுத்தமில்லை என்றால் மறுபடி வரச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கணக்குகளில் நாலில் ஒருவருக்கு வரை இது நடக்கிறது. அங்கேயே அப்படி என்றால் உங்கள் அப்பாவைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. மறுபடி அதே மருந்து, அதே பட்டினி, இன்னொரு முறை சர்க்கரை மாத்திரைக் கணக்கு. அதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வியாழக்கிழமை போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாம், சர்க்கரை குறித்த தாள், ஒரு மாற்று வேட்டி, ஒரு பழைய துண்டு. மயக்க மருந்து கொடுப்பதால் அன்று அவர் தனியாகத் திரும்பக்கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. போய்ச் சேர்ந்ததும் சிஸ்டர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாகப் போனது எந்த நிறத்தில் இருந்தது என்பது. உங்களை வைத்துக்கொண்டு அப்பா கூச்சப்பட்டு, "நல்லாதான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். ஆகவே காலையில் கடைசி இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தயங்காமல் நீட்டுங்கள். நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம். காலை எட்டு மணியிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதே அதுதான்.